படைப்பாளி பக்கம் நின்ற சிடி

எண்பதுகளில் வீடியோ கேம் உலகில் நின்டெண்டோ வைத்ததுதான் சட்டம். அமெரிக்காவில் அதன் கருவிக்கு கேம் தயாரிக்கும் வெளி நிறுவனம் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் வெளியிடக் கூடாது; வெளியிட்டதை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கருவிக்குத் தரவும் கூடாது. கார்ட்ரிட்ஜையும் நின்டெண்டோவிடமே வாங்க வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் தயாரித்தவர் தலையில். 1994-இல் பிளேஸ்டேஷனோடு வந்த சோனி, மலிவான சிடியைக் கையில் கொடுத்தது. முதலில் கொஞ்சம் அச்சிடலாம், விற்றால் விரைவிலேயே மறுபடியும் அச்சிடலாம். சிறிய நிறுவனங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! 1996-இல் வந்த நின்டெண்டோ 64 அப்போதும் கார்ட்ரிட்ஜை விடவில்லை. சூப்பர் மரியோ 64 கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 8 மெகாபைட். ஒரு சிடியிலோ சுமார் 650. அதுவரை நின்டெண்டோவின் செல்லப் பிள்ளையாக இருந்த ஃபைனல் ஃபேன்டஸி கேம் தொடர், தன் ஏழாம் பாகத்தோடு 1997-இல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. டிராகன் குவெஸ்ட் தொடரும் பின்னாலேயே போயிற்று. இன்று கருவி நிறுவனங்கள் படைப்பாளிகளின் ஆதரவைச் சம்பாதிப்பதற்குப் பதிலாக ஸ்டூடியோக்களையே விலைக்கு வாங்குகின்றன. 2023-இல் ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற கேம் நிறுவனத்துக்காக மைக்ரோசாஃப்ட் கொட்டியது ஏறத்தாழ 6,900 கோடி டாலர். இது தவறான பாதை. அவை முதலில் செய்ய வேண்டியது, டிஜிட்டல் விற்பனையில் தாங்கள் பிடித்துக்கொள்ளும் சுமார் 30 சதவீதப் பங்கைக் குறைப்பதுதான்.