விளைந்தது நெல்லல்ல, கணக்கு!

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நடவு நடுபவருக்கும், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவருக்கும் தெரிந்த சங்கதி இது. கதிர் முற்றுமுன்பே வியாபாரி வரப்பில் வந்து நிற்பான். பயிரைப் பார்த்தே, "இத்தனை மூட்டை தேறும்" என்று மதிப்புப் போடுவான். இன்ஷூரன்ஸ் தொழிலை விற்கும்போதும் இதே வேலைதான். கையிலுள்ள சொத்தோடு, நடப்பிலுள்ள பாலிசிகளில் இனி வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பையும் கூட்டிச் சொல்பவர் ஆக்சுவரி என்னும் கணிப்பாளர்.

அந்த லாபம் யாருக்கு? அதுதான் கேள்வி!

1956 ஜனவரி 19-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் சர்க்கார் வசமாயிற்று. 245 கம்பெனிகளும் சங்கங்களும் இணைந்து செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. ஆக்சுவரி கணக்கில் பங்குதாரருக்கு ஒதுக்கிய உபரியின் ஆண்டுச் சராசரி, அதைப்போல் 20 மடங்கு என்பதே நஷ்டஈட்டுக்கு அடிப்படை. முதலாளிகள் வெறுங்கையோடு போகவில்லை! சர்க்கார் போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். மற்றதெல்லாம் பாலிசிதாரர் பணம். ஆகவே உபரியில் நூற்றுக்கு 95 பங்கு அவர்களுக்கே என்றிருந்தது.

2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரே நிதியை இரண்டாகப் பிரித்தார்கள். லாபப் பங்கில்லாத பாலிசிகளின் உபரி முழுவதும் பங்குதாரருக்கு! மற்றதிலும் அவர்களுடைய 5 பங்கு படிப்படியாக 10!

விளைவு? 2021 மார்ச் 31-ல் 95,605 கோடியாயிருந்த மதிப்பு, செப்டம்பர் 30-ல் 5,39,686 கோடி! ஆறு மாதத்தில் இவ்வளவு விளைந்ததா? இல்லை. பெரும்பகுதி வரப்பு நகர்ந்ததால் வந்தது. பாலிசிதாரர் வயல் பங்குதாரர் வயலோடு சேர்ந்தது. கணிப்பாளர் காட்டிய எல்லையை அளந்தார். எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டது சர்க்கார்!

இந்த மதிப்பைக் காட்டித்தான் 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்கைச் சுமார் 20,500 கோடிக்கு விற்றார்கள். "பாலிசிதாரருக்குப் பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி தந்தோமே!" என்கிறார்கள். குறைந்தது 15 பங்கு வாங்க வேண்டும். தள்ளுபடி போகவும் 13,335 ரூபாய். நாற்று நடும் கையில் அது ஏது? தன் வயலைத் தானே விலைக்கு வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு நம் உத்திரமேரூர் கோயில் சுவரில் இருக்கிறது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. அந்தச் சபையில் உழுதவனுக்கு இடமில்லை. ஆனாலும் அந்த விதி நமக்கு வேண்டும்!

பாலிசிதாரரின் 95 பங்கைத் திருப்பிக் கொடு! எந்த மதிப்பையும் அவர்கள் முன் வைத்துக் கணக்குக் காட்டு! ஓட்டுக் கேட்டு வருபவனிடம் கேளுங்கள், தோழர்களே!