நீட்டுக்கு எழுந்த குரல் கிளாட்டுக்கு ஏன் எழவில்லை?

நுழைவுத் தேர்வு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கொதித்தெழும் மாநிலம் நம்முடையது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே கூடாது என்று 2006இல் சட்டம் இயற்றினோம். நீட் தேர்வு வந்தபோது வீதிக்கு வந்தோம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தோம். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் விலக்கு மசோதா நிறைவேற்றினோம். இவை யாவும் நம் பெருமைக்குரியவையே. ஆயின் இதே மாநிலத்தில், இதே சட்டமன்றம் 2012இல் இயற்றிய சட்டத்தால் பிறந்த திருச்சிராப்பள்ளித் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், தன் ஐந்தாண்டுப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுப்பது கிளாட் என்னும் அகில இந்தியப் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வின் தரவரிசையைக் கொண்டுதான். தமிழக மாணவர்க்கென ஒதுக்கிய இடங்களுக்கும் அந்தத் தரவரிசையே அளவுகோல்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நாம் எதிர்க்கும் நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் அது நடக்கிறது. நாம் கண்டுகொள்ளாத கிளாட் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். நீட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதற்கு வேண்டிய அளவு ஆட்கள் வேறிடங்களில் இருக்கிறார்கள். தவளைகளின் உடலமைப்பைத் தமிழில் கேட்க முடிகிறபோது நீதியின் அமைப்பைத் தமிழில் கேட்க முடியாது என்பது எந்த ஊர் நியாயம்? அது ஒன்றே நம் கேள்வி.

இத்தேர்வு எதைச் சோதிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2008இல் தொடங்கிய கிளாட், 2020இல் தன் உருவை மாற்றிக்கொண்டது. இப்போது இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் வெட்டு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், தருக்கம், கொஞ்சம் கணக்கு என்று ஐந்து பகுதிகள். ஐந்திலும் வினாக்கள் தனித்து வருவதில்லை; ஒவ்வொரு வினாத் தொகுதிக்கு முன்னும் ஓர் ஆங்கிலப் பத்தி நிற்கிறது, பல இடங்களில் 450 சொற்கள் வரை நீளும். கணக்குப் பகுதியைக் கூட விட்டுவைக்கவில்லை. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, கொடுத்த விதியைக் கொடுத்த நிகழ்வோடு பொருத்தத் தெரிந்தால் போதும் என்று தேர்வை நடத்தும் கூட்டமைப்பே சொல்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் சட்ட அறிவு வேண்டாம், கணக்கறிவு பெரிதாக வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மீதி என்ன? பல ஆயிரம் ஆங்கிலச் சொற்களை விரைந்து படிக்கும் பழக்கம். பிறந்த வீட்டில் ஆங்கில நாளிதழ் விழுந்ததா இல்லையா என்பதை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கருவி வேறில்லை.

தேனாம்பேட்டையில், நம் தெருவில் வசிக்கும் மாணவி ஒருத்தி மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி படித்தவள். பட்டிமன்ற மேடையில் அவள் பேசிக் கேட்டிருக்கிறோம். எதிரணி சொன்னதை அவர்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அதை உடைப்பாள். வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை. யாரோ கொடுத்த பழைய மாதிரி வினாத்தாளோடு ஒரு நாள் வந்தாள். சட்டத் தருக்கப் பகுதியில் ஒரு பத்தி, ஒப்பந்தம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பது பற்றியது. அவள் பாதி படித்துத் திணறுவதைக் கண்டு, நாம் அதைத் தமிழில் சொன்னோம். சொல்லி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டாள், காரணத்தையும் சொன்னாள். தொடர்ந்து நான்கு வினாக்களுக்கு அப்படியே. பிறகு தாளை மடித்துக்கொண்டே, "இதத் தமிழ்ல கேட்க மாட்டாங்களா சார்?" என்றாள். மாட்டார்கள் என்றோம். அவள் அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவைக் காணும் கண் தேர்வுக்கு இல்லை.

எந்தத் தேர்வானாலும் பழகினால் வரும், பயிற்சி மையத்தில் சேர்க்கலாமே என்பார்கள். எல்டாம்ஸ் சாலையிலிருந்து தியாகராய நகர் வரை நடந்து பாருங்கள், கம்பத்துக்குக் கம்பம் ஏதேனும் ஒரு தேர்வுக்கான பயிற்சி விளம்பரம் தொங்கும். சட்ட நுழைவுத் தேர்வுக்கு அவர்கள் சொல்லும் கட்டணம் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்மணியின் பல மாதச் சம்பளம். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கும் 3,500 ரூபாய். சலுகை என்று அவர்கள் கருதுவது 500 ரூபாய்! தேர்ந்தபின் கலந்தாய்வுக்குப் பதியத் தனிப் பணம். பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் படிப்புச் செலவு ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டும். போதாக்குறைக்கு, 2022 முதல் தேர்வே டிசம்பரில் வைக்கப்படுகிறது. நம் பிள்ளைகளுக்கு அது அரையாண்டுத் தேர்வுக் காலம். பிளஸ் டூ பாடத்தையே முடிக்காத நிலையில் அவர்கள் ஓர் ஆண்டின் நடப்பு நிகழ்வுகளை ஆங்கிலத்தில் மனனம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த அநீதி யார் கண்ணுக்கும் படவில்லை என்று சொல்ல மாட்டோம். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா இயக்கம் நாடெங்கும் ஏழை மாணவரைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து தேசியச் சட்டப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 2019இல் அவர் மறைந்த பின்னும் அப்பணி தொடர்கிறது. வணங்கத்தக்க பணி. ஆயினும் அது வாயிற்படியின் உயரத்தைக் குறைக்கவில்லை. சிலரைக் கைதூக்கி ஏற்றிவிடுகிறது. 2023இல் கிளாட்டைப் பிற இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி டில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. இந்திய பார் கவுன்சிலே அக்கோரிக்கையை ஆதரித்தது. ஆதரிப்பது இயல்புதான். சட்டம் படித்து முடித்தவர் வழக்குரைஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு தமிழிலும் நடக்கிறது. வீட்டை விட்டு வெளியேறும்போது தமிழ் பேசலாம், உள்ளே நுழையும்போது கூடாது என்பது போன்ற ஏற்பாடு இது.

இங்கே வழக்கமான பதில் ஒன்று வரும்: உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன, ஆங்கிலம் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வான்? நியாயமான கேள்வி. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்க 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்குக் கிடைத்த அனுமதி தமிழுக்குக் கிடைக்கவில்லை. எனவே வழக்குரைஞருக்கு ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கத்தானே ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன? நீந்தத் தெரிந்தவனை மட்டுமே குளத்தில் இறக்குவேன் என்பவர் எதற்காக நீச்சல் பள்ளி நடத்துகிறார்?

அதுவன்றி, நாட்டில் நீதி என்பது உயர் நீதிமன்றத்தில் மட்டும் நடக்கிற காரியமும் அன்று. தேனாம்பேட்டையிலிருந்து சிறிது தொலைவுதான் சைதாப்பேட்டை நீதிமன்றம். ஒரு முற்பகல் அங்கே போய் நின்று பாருங்கள். முதல் தகவல் அறிக்கை தமிழில். புகார் மனு தமிழில். சாட்சி சொல்வது தமிழில். ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976இல் செய்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்து அரை நூற்றாண்டாகிறது. உரிமையியல் வழக்கென்றால் கேட்கவே வேண்டாம். கிரயப் பத்திரம், தானசெட்டில்மெண்ட், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் என்று அது தனி ஒரு இலக்கியம். நான்கெல்லை சொல்லும் சொத்து விவரத்தில் 'இதற்கு வடக்கு', 'இதற்குக் கிழக்கு' என்று வருவதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஒரு குடும்பமே அடுத்தவன் மனையை உரிமை கொண்டாடிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. கிராம நத்தத்துக்கும் புறம்போக்குக்கும் என்ன வேறுபாடு, 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 'ஆயுள்வரை அனுபவித்து' என்று எழுதினால் எது செல்லும் என்பவையெல்லாம் மொழியை நுணுகிப் படிப்பவனுக்கே பிடிபடும். இவற்றிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டு, ஐந்து வினா கேளுங்கள். பெருநகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் முதல் மாணவர்கள் எத்தனை மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

தமிழில் சட்டச் சிந்தனைக்கு மரபில்லை என்ற எண்ணம் தமிழ் படித்தவர்களிடமே ஊறிப்போயிருப்பதுதான் வருத்தம். நூலாசிரியன் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை நன்னூல் வகுக்கிறது. பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைதல் அவற்றுள் ஒன்று. அது வழக்குரைஞர் வேலை. இருவர் தம்முள் மாறுபட்டவிடத்து ஒரு பக்கத்தைத் துணிதல் இன்னொன்று. அது நீதிபதி வேலை. ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறு வேறு பொருள் காண்பதையும், அதற்கு அவர்கள் காட்டும் காரணங்களையும் ஒருமுறை ஊன்றிப் படித்த மாணவனுக்குச் சட்டப் பிரிவுக்குப் பொருள் காணும் முறையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பாடநூலில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அவர் சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டவர். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ் வழக்காளிகள் முன்னிலையில் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை விடாமல் சாடியிருக்கிறார். கட்சிக்காரனுக்கே தன் வழக்கு புரியாது என்பதுதான் அவர் குறை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து நாம் ஒரு படி மேலே போய்விட்டோம்: வழக்குரைஞனாக விரும்புகிறவனுக்கே கேள்வி புரியக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

தமிழில் நடத்தினால் மொழிபெயர்ப்புப் பிழை வரும், தரம் கெடும் என்பார்கள். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும்போது தரம் எப்படி இருக்கிறது? 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைகளில் பிழை இருப்பதாக வழக்குகள் குவிந்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பல இலட்சம் மாணவர்களின் வாழ்வைப் பற்றிய தேர்வென்று பாராமல் வினாக்களை அசட்டையாக அமைப்பது குறித்து நீதிமன்றம் வேதனை தெரிவித்தது. இப்படிப்பட்டவர்கள் தரம் பற்றித் தமிழுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு கட்சியும் உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடக்கிறதே, அந்தப் பெண் அங்கே போகட்டுமே என்பார்கள். போகட்டும்; 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் வழியில் வந்தவர்கள் நீதித்துறைக்கு என்ன செய்தார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம். மதிப்பெண் முறையும் மாசற்றதன்று என்பதை நாமக்கல் பிராய்லர் பள்ளிகளைக் கண்ட தலைமுறை அறியும். ஆனால் 'அவர்களுக்கு அது, இவர்களுக்கு இது' என்ற பங்கீடு எங்கிருந்து வந்தது? நம் வரிப்பணத்தில், நம் சட்டமன்றம் கட்டிய பல்கலைக்கழகத்தின் வாசலில் நம் மாநகராட்சிப் பள்ளி மாணவி ஏன் நிற்கக் கூடாது? ஒருவனைக் கூட்டுக்குழுமத்துக்கும் மற்றவனைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் பதினேழு வயதிலேயே பிரித்து அனுப்புகிற வேலையை ஒரு மொழித்தேர்வு செய்துகொண்டிருக்கிறது.

மருத்துவ இடம் என்றால் ஊரே திரள்கிறது, சட்ட இடம் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடங்கள் சொற்பம் என்பது ஒரு காரணம். வக்கீல் தொழிலை இன்னமும் 'வேறொன்றும் கிடைக்காவிட்டால்' என்ற வரிசையில் வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்து மனநிலை இன்னொன்று. அதே அண்ணா சாலையில், அறிவாலயத்துக்கு எதிரும் புதிருமாக எத்தனை ஆர்ப்பாட்டங்களைப் பார்த்திருக்கிறோம்! கிளாட் என்ற சொல்லைத் தாங்கிய ஒரு தட்டி நம் கண்ணில் பட்டதில்லை. தமிழமைப்புகளும் கடைப் பெயர்ப்பலகையில் தமிழில்லை என்பதற்குக் காட்டும் வேகத்தில் பாதியைக் கூட இதற்குக் காட்டக் காணோம்.

செய்யக் கூடியவை உள்ளன. கிளாட் கூட்டமைப்பு தேர்வைத் தமிழிலும் நடத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு முறைப்படி கேட்க வேண்டும். திருச்சிப் பல்கலைக்கழகம் அக்கூட்டமைப்பின் உறுப்பு என்பதால் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. மறுத்தால், தமிழக மாணவர்க்குரிய இடங்களையேனும் வேறு வழியில் நிரப்பும்படி 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். கூட்டமைப்பில் இருந்துகொண்டு தனித்தேர்வு நடத்தக் கூடாது என்று 2020இல் பெங்களூர்ச் சட்டப் பள்ளிக்கு உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். அது ஒரு பல்கலைக்கழக நிர்வாகம் தேர்வுக்குச் சில நாள்களே இருக்கும்போது தன்னிச்சையாகச் செய்த காரியம். சட்டமன்றம் முன்கூட்டிச் சிந்தித்து இயற்றும் சட்டம் வேறு. கூட்டமைப்புக்கு வெளியே நின்று தன் தேர்வைத் தானே நடத்தும் டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர வினா அமைக்கச் சட்டமும் தமிழும் அறிந்தவர் நம்மிடம் இல்லையென்று எவரேனும் சொன்னால், நம் கல்லூரித் தமிழ்த்துறைகளிலிருந்தும் அரசு சட்டக் கல்லூரிகளிலிருந்தும் பத்துப் பேர் பட்டியலை ஒரே வாரத்தில் தரச் சித்தமாயிருக்கிறோம்.