தெருவுக்கே தெரிந்த ரகசியம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நான் அடிக்கடி போகும் நெட் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கரண்ட் பில், ஆதார் பிரிண்ட் என்று நாள் முழுக்கக் கூட்டம் குறையாது. போன மாதம் அங்கே காத்திருந்தபோது எனக்கு முன்னால் எங்கள் தெருப் பெரியவர் நின்றிருந்தார். ரோடியர் மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். வங்கியில் கேஒய்சிக்கு ஆதார் நகல் கேட்டிருக்கிறார்கள். பழைய அட்டை மழையில் நனைந்து எழுத்து பாதி அழிந்துவிட்டது.

"தாத்தா, ஓடிபி வந்துச்சா பாருங்க."

பெரியவர் பார்க்கவில்லை, போனையே நீட்டிவிட்டார். கடைத் தம்பி எண்ணைப் பார்த்து அடித்தார். பிடிஎஃப் இறங்கியது, பாஸ்வேர்டு கேட்டது. அதற்குத் தம்பி யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த பழைய அட்டையில் தெரிந்த பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பிறந்த வருடம், அவ்வளவுதான், ஆதார் திறந்தது. பிரிண்ட் கொடுக்கும் முன் திரையில் ஒரு நொடி டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தெரிந்தது. வரிசை வரிசையாக ஆதார் கோப்புகள். என்னுடையதும் அதில் எங்கேயோ கிடக்கும். நானும் அதே கடையில்தான் இரண்டு வருடம் முன்பு எடுத்தேன்.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து இரவு வரை ஊர்க்காரர்களுக்கு உதவுகிற பிள்ளை. ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாஸ்வேர்டு என்னை விடவில்லை.

பெயரின் முதல் நாலு எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, கூடவே பிறந்த வருடம். இ-ஆதாருக்கு ஆதார் ஆணையமே வைத்திருக்கும் முறை இது. வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கு அறிக்கைகள் பலவற்றுக்கும் இதே மாதிரிதான், வருடத்துக்குப் பதிலாகப் பிறந்த தேதியும் மாதமும். வருமான வரித் துறையின் ஆவணங்களுக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். ஒரு கோப்பு தவறிப்போய் வேறு யாருக்காவது போனால் உடனே திறந்துவிடக் கூடாது என்பதற்கான சின்னத் தாழ்ப்பாள் இது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஆளுக்கொரு புதுச் சொல்லைக் கொடுத்து நினைவில் வைக்கச் சொல்வது லேசான காரியம் இல்லை. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால் பாதிப் பாஸ்வேர்டு கையில் இருக்கிறது. ஆளை நேரில் பார்த்தால் வயதைப் பத்து வருட வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம், ஆக இருபது முயற்சி போதும். பெயரே தெரியாவிட்டால்கூட நாலு எழுத்துக்கு 4,56,976 சேர்க்கைகள், நூறு வருடங்களால் பெருக்கினால் ஏறக்குறைய நாலரைக் கோடி. மனிதனுக்கு மலைப்பான எண். கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. பாஸ்வேர்டு என்றாலே பெயரும் வருடமும்தான் என்ற பாடத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தத் தாழ்ப்பாள்கள்தான். வாழ்க்கையில் முதன்முதலாகப் பாஸ்வேர்டு என்ற ஒன்றைச் சந்திக்கும் பெரியவருக்கு அரசாங்கமும் வங்கியும் சேர்ந்து காட்டும் மாதிரி அதுதானே? பிறகு அவரே ஒன்று வைக்கச் சொன்னால் வேறு எதை வைப்பார்? "ஏம்மா, எம் பேரும் பொறந்த வருசமும் ஒருத்தன் எதுக்கும்மா தெரிஞ்சி வச்சிக்கப் போறான்?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு பேனர், மஞ்சள் நீராட்டுக்கு பேனர், கல்யாணத்துக்கு பேனர். குழந்தையின் முதல் பிறந்தநாள் முச்சந்தியில் ஆளுயரத்துக்குத் தேதியோடு நிற்கிறது. பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குலதெய்வம் எல்லாமே அதில் இருக்கும். தெருவுக்கே தெரிந்த விஷயத்தை ரகசியத்தின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலும் இந்த விவரங்கள் எழுதிவைக்கப்பட்டவைதான். பிறப்பு, திருமணம், இறப்பு என்று எல்லாம் 'மேரி' என்ற நகராட்சி அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறின. ஆனால் ஒருவருடைய பிறப்புப் பதிவைப் பார்க்க ஆள் நேரில் போக வேண்டும், எழுத்தரிடம் கேட்க வேண்டும், அவர் தடித்த புத்தகத்தைப் புரட்டி எடுத்துத் தர வேண்டும். அந்தச் சிரமமே ஒரு காவல். ஒரு மூட்டைப் பதிவேட்டை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. இன்றைக்கு மூன்று கோடிப் பேருடைய விவரம் ஒரு சின்ன வில்லைக்குள் அடங்கிவிடுகிறது.

பிரெஞ்சில் பாஸ்வேர்டுக்கு 'மோ த பாஸ்' என்பார்கள். கடந்து போவதற்கான சொல் என்று பொருள். தமிழில் கடவுச்சொல்; கடவு என்றால் வழி. இரண்டு மொழியிலும் அது ஒரு சொல், வாயிற்காவலன் கேட்கும்போது அந்தரங்கமாகச் சொல்ல வேண்டியது. எதிரி தெரிந்துகொண்டுவிட்டான் என்று சந்தேகம் வந்தால் அன்று இரவே மாற்றிவிடலாம், அதுதான் அதன் பலம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? ஆதார் எண்ணை, கைரேகையை? ஒருமுறை வெளியே போனால் ஆயுளுக்கும் போனதுதான்.

2018இல் புதுச்சேரியில் ஏடிஎம் கார்டுகளைப் போலியாகத் தயாரித்துப் பலருடைய கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பலை சிபிசிஐடி போலீசார் பிடித்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். கார்டு நம் பையிலேயே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். மாயம் ஒன்றும் இல்லை. பழைய கார்டின் பின்னால் இருந்த கருப்புப் பட்டையில் எழுதியிருக்கும் விவரம் என்றைக்கும் ஒன்றேதான், மாறாது. ஸ்கிம்மர் என்ற சின்னக் கருவியில் ஒருமுறை தேய்த்துப் படியெடுத்தால் வெற்றுக் கார்டில் அதை ஏற்றிவிடலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் கார்டுகளையெல்லாம் சிப் கார்டாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்திருந்தது. சிப் ஒவ்வொரு முறையும் ஒரு புது விடையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நேற்றைய விடையைத் திருடியவனுக்கு இன்று கதவு திறக்காது. மாறாத விவரத்தை நம்பக் கூடாது என்று கார்டு விஷயத்தில் பாடம் படித்துக்கொண்டோம். பாஸ்வேர்டில் இன்னும் அதே கருப்புப் பட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெரியவரின் கதைக்கு வருகிறேன். ஆதார் எடுத்த அன்றைக்குத்தான் அதையும் சொன்னார். முந்தின வருடம் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. பேசியவன் அவருடைய முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பென்ஷன் வரும் வங்கிக் கிளை எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். "எல்லாம் சரியாச் சொன்னாம்மா. பேங்குக்காரன் இல்லாம வேற யாருக்கும்மா அவ்ளோ தெரியும்?" ஓடிபியைச் சொல்லிவிட்டார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் இருந்திருக்கிறார். இணைய மோசடியைப் புகார் செய்ய 1930 என்ற எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. உடனே அழைத்திருந்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்குப் போகும் வழியில் எங்கேயாவது முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாளில் அது எங்கோ போய்க் கரைந்துவிட்டது.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எந்த வழியாகப் போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, வழிகள் அத்தனை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024 செப்டம்பரில் டெலிகிராம் சாட்பாட்டுகள் வழியாகக் கேட்டவருக்குக் கேட்டபடி கிடைத்தன. 3.1 கோடிப் பேருடைய தகவல் தன்னிடம் இருப்பதாக அதை வெளியிட்டவன் சொன்னான். பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் உட்பட. ஒரு பெண்ணுக்கு என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பது அவள் தங்கைக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அது முன்பின் தெரியாதவன் போனில் கிடக்கிறது. அவன் நாளை அவளை அழைத்து, "அம்மா, உங்க கிளெய்ம் பணம் வந்திருக்கு" என்று அந்த அறுவை சிகிச்சையின் பெயரையே சொல்லித் தொடங்கினால் நம்பாமல் எப்படி இருப்பாள்?

என் வாதம் இவ்வளவுதான்: ஒருவரைப் பற்றிய தகவலைத் தெரிந்து வைத்திருப்பது எதற்கும் சான்று ஆகாது. நம்முடைய பிறந்த தேதியைச் சொல்கிறவன் நாம் ஆகிவிட மாட்டான், வங்கியும் ஆகிவிட மாட்டான். இதை அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு ஆயா என்று வீட்டுக்கு வீடு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். போனில் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ கார்டின் பின்னாலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் போனில் ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தது. தொடங்கிக் கொடுத்தது போன் விற்ற கடைக்காரர். பாஸ்வேர்டு, நீங்கள் ஊகித்ததுதான், பெயரும் வருடமும். அவர் மின்னஞ்சலே பார்ப்பதில்லை, "அது எதுக்கும்மா எனக்கு" என்றார். ஆனால் மற்றக் கணக்குகளில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதிய சாவி பெரும்பாலும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். இணையத்தில் கார்டு கொடுத்து வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று 2009லேயே ரிசர்வ் வங்கி கொண்டுவந்ததால்தான் நம்மில் பலருடைய பணம் நோஞ்சான் பாஸ்வேர்டோடும் பிழைத்திருக்கிறது. மின்னஞ்சலுக்கு அந்த இரண்டாவது பூட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் அதைத்தான் போட்டோம்.

பிறகு பாஸ்வேர்டு. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று அலுவலகங்களில் படுத்துவார்கள் இல்லையா? அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டி வழியாகப் பரவிய பழக்கம் அது. 2017இல் அவரே அதற்காக வருந்துவதாகச் சொன்னார். படுத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டது: இந்தியா என்று அடித்து, ஒரு அட் குறி போட்டு, 123 சேர்ப்பார்கள். மூன்று மாதம் கழித்து 124 ஆக்குவார்கள்.

நீளமே பலம். அதைவிட முக்கியம், நாம் தேர்ந்தெடுக்காமல் தற்செயலாக விழுந்த சொற்களாக இருப்பது. 1995இல் அர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் தாயம் உருட்டுவது போல ஒரு முறையைக் கொண்டுவந்தார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒன்று கிடைக்கும். இப்படி நாலு சொல் எடுத்தாலே 3,656 லட்சம் கோடிச் சேர்க்கைகள்; பெயரும் வருடமும் தந்த நாலரைக் கோடி எங்கே, இது எங்கே. ஆறு சொல் எடுத்தால் இன்னும் நல்லது. நாமாக யோசித்தால் முருகா, ஓம்சக்தி, பேரன் பெயர் என்றுதான் போவோம், திருடனும் அங்கேதான் முதலில் தேடுவான்.

பெரியவர் வீட்டில் தமிழ்ச் சொற்பட்டியல் எங்கே இருக்கும்? பேரனின் பாடப்புத்தகத்தை எடுத்தோம். கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைப்பது, விரல்பட்ட சொல்லை எழுதுவது. பகடை அளவுக்குச் சுத்தமான தற்செயல் இல்லைதான், பெயரையும் வருடத்தையும்விட எவ்வளவோ மேல். ஒட்டகம், கூரை, வினா, சுண்ணாம்பு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள் வரும். (இங்கே அச்சாகிவிட்டதால் இவை இனி யாருக்கும் உதவாது.) அதை ஆங்கில எழுத்தில் அவரவர் எழுதும் விதத்தில் அடிக்கலாம். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளுக்கும் உண்மையான பதிலைக் கொடுக்க வேண்டாம். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, முதலெழுத்துதான். பிரெஞ்சு அரசின் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட வீடுகளில் அது பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்தக் கட்டத்திலும் விரல் வைத்து எடுத்த ஒரு சொல்லைப் போட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கின் பாஸ்வேர்டை இன்னொன்றுக்கு வைக்கவே கூடாது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிப் பாஸ்வேர்டுகள் மறைப்பு ஏதும் இல்லாமல் அப்படியே வெளியே போயின. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஓரிடத்தில் கிடைத்ததை நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் அன்றாட வேலை.

"இவ்ளோத்தையும் எப்டிம்மா ஞாபகம் வச்சிக்கறது?" என்றார். நோட்டில் எழுதிவையுங்கள் என்றேன். எழுதக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று தயங்கினார். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005லேயே, கடினமான பாஸ்வேர்டை வைத்து அதை எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று சொன்னவர். அவர் சொன்னது முதலியார்பேட்டைக்கு ரொம்பவே பொருந்தும் என்பது என் எண்ணம். போனில் பேசிப் பணம் பிடுங்கியவன் பெரியவர் வீட்டு பீரோவைத் திறக்க வரப்போவதில்லை. போன் கேலரியில் படமாகவும், வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பியும் வைப்பதுதான் ஆபத்து.

ஆதார் நகல் பற்றியும் அவரிடம் சொன்னேன். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது: நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், முதல் எட்டு எண் மறைந்த மாஸ்க் ஆதாரைக் கொடுங்கள், நெட் சென்டரில் எடுத்தால் கோப்பை நிரந்தரமாக அழியுங்கள். இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அறிவிப்பு போனாலும் மாஸ்க் ஆதார் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது, எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். இந்தத் தெருவில் நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நெட் சென்டருக்குப் போய், என் கோப்பைத் தேடி அழிக்கச் சொன்னேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னேன். தம்பி மறுப்பே சொல்லவில்லை. "அக்கா, இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று மட்டும் சொன்னார். பெரியவருடையதையும் சேர்த்து அழித்தார். பிறகு அவராகவே ஃபோல்டரின் மேல்முனைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தேதி பார்க்கத் தொடங்கினார். பிரிண்டுக்காகப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.