சட்டக் கல்லூரி: ஐந்து வருஷம் என்று யார் சொன்னது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். (மன்னர் ஆண்ட புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டை.)

"இன்ஜினியரிங் கிடைக்கலைன்னா என்னலே, வக்கீலுக்குப் படி. நெல்லையிலதான் காலேஜ் இருக்கே, பஸ்ல போயிட்டு வந்துரலாம்."

சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். அவர் சொல்லாத மீதிப் பாதிதான் முக்கியம்.

முதலில் அவர் சொன்ன பாதி. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996-ல் தொடங்கியது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இப்போது இந்தக் கல்லூரி டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, மார்க்கை வைத்துத்தான் சீட். 'கிளாட்' தேர்வெல்லாம் திருச்சியில் இருப்பது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். அரசுக் கல்லூரியில் ஃபீஸும் குறைவு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு, டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு. இதுவரை எல்லாம் சரி.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பத்தாவது, பிளஸ் டூ எதுவும் எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவர்களை பார் கவுன்சிலின் 2008-ம் வருட விதிகள் சட்டப் படிப்புக்கு ஏற்பதில்லை. பாதியில் படிப்பை விட்டு உப்பளத்துக்கோ கடலுக்கோ போய்விட்டு, பிறகு ஆசைப்பட்டுப் படித்தவர்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. அவர்கள் அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி அவர் சொல்லாத பாதி.

டிகிரி வாங்கினால் வக்கீல் ஆகிவிட முடியாது. பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு முன்பெல்லாம் மாநிலத்துக்கு ஒரு தொகை என்று ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நல்ல விஷயம். இதோடு அகில இந்திய பார் தேர்வையும் எழுதித் தேற வேண்டும்.

அதற்கப்புறம்தான் உண்மையான படிப்பு, ஒரு சீனியரின் ஆபீஸில். கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, குமாஸ்தாவிடம் திட்டு வாங்குவது! இதற்குச் சம்பளம்? ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று ஹைகோர்ட் சொன்னதை அடுத்து, 2024 ஜூனில் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைச் சீனியரின் மேஜையில் வைத்துக் கேட்கிற தைரியம் எத்தனை ஜூனியருக்கு வரும்?

"ஜட்ஜ் பரீட்சை எழுதிடுவேன்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருஷமாவது வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆக, கணக்கு ஐந்து வருஷம் இல்லை, எட்டு வருஷம்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கணக்கே இல்லை. உப்பள வீட்டுக்கு அப்படியல்ல. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. ஐந்து வருஷம் காத்திருந்த வீடு, பிள்ளை கறுப்புக் கோட்டு போட்டதும் சம்பளம் வரும் என்று நினைக்கும். அந்தப் பிள்ளையோ பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்டும். தொழிலை விட்டுப் போகிறவர்கள் பலர் அறிவில்லாமல் போவதில்லை, அந்த மூன்று வருஷத்தைத் தாங்க முடியாமல்தான் போகிறார்கள். எனவே சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும்.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். மார்க் குறைந்ததற்காக மட்டும் படிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பக்கத்து ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. வக்கீல்தான். 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றவர், அதே வருஷம் ஜெயிலுக்குப் போனார், சன்னதும் பறிபோனது. வெளியே வந்து தொழில் செய்ய முடியாமல் வறுமையில் வாடினார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தபோது, அந்த நன்றியில் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஒரு சன்னதின் மதிப்பு தெரிய வேறு உதாரணம் வேண்டாம்.

2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் இறந்தபோது, மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து மாஜிஸ்திரேட்டை விசாரணைக்கு அனுப்பியது. துறைமுகத்துக்கு வருகிற கப்பலில் மாலுமிகளுக்குச் சம்பள பாக்கி இருந்தால், 2017-ம் வருடக் கடல்சார் சட்டப்படி ஹைகோர்ட் மூலம் அந்தக் கப்பலையே பிடித்து நிறுத்தலாம். அளத்தில் கை போனவருக்கு நஷ்டஈடு, படகு போனவருக்கு இன்சூரன்ஸ் என்று இந்தக் கரைக்கு இந்தக் கரைப் பிள்ளைகளே வக்கீலாக வேண்டிய தேவை நிறைய இருக்கிறது.

சேர்வதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐந்து வருஷப் படிப்பில் 20 வாரம் பயிற்சி கட்டாயம். அதை சர்டிஃபிகேட்டோடு முடித்துவிடாமல் தூத்துக்குடி கோர்ட்டில் நிஜமாகவே உட்கார்ந்து கழிக்க வேண்டும். பிறகு எந்தச் சீனியரிடம் சேரலாம் என்பது அங்கேதான் தெரியும். கீழ்க் கோர்ட்டில் சாட்சி சொல்வது தமிழில், ஹைகோர்ட்டில் வாதம் ஆங்கிலத்தில். இரண்டும் வேண்டும். பழைய ஐ.பி.சி. புத்தகத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாற வேண்டாம், 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. யோசனை கேட்பதாக இருந்தால் முப்பது வருஷ அனுபவமுள்ள பெரிய வக்கீலைவிட, மூன்று வருஷம் முன்பு பதிவு செய்தவரிடம் கேட்பது மேல். அவருக்குத்தான் பஸ் காசு இன்னும் ஞாபகம் இருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் அறிவுரை சொல்கிறவர்கள் தொடர்ந்து சொல்லட்டும். "வக்கீலுக்குப் படி" என்பதோடு "எட்டு வருஷம் ஆகும், வீட்டில் பேசிக்கோ" என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.