ஓவியத்துக்குச் சுங்கத் துறை காவலா?

பிரிட்டன் ஏலங்களில் வாங்கப்பட்ட, ஓவியர்கள் எஃப்.என்.சௌசா, அக்பர் பதம்சீ ஆகியோரின் 7 படைப்புகளை மும்பை சுங்கத் துறை 2023-இல் பிடித்துவைத்தது. ஆபாசம் என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ரூ.50,000 அபராதமும் விதித்தது. 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வல்லுநர்களின் கருத்தை அதிகாரிகள் பொருட்படுத்தவே இல்லை. நிர்வாணம் எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று நீதிபதிகள்தான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாடம் மும்பைக்குப் புதிதா? இதே பதம்சீ 1954-லேயே இதே குற்றச்சாட்டைச் சந்தித்தவர். ஜஹாங்கீர் கலைக்கூடக் கண்காட்சியில் இருந்த 'லவ்வர்ஸ்' ஓவியத்தை அகற்றச் சொன்னது போலீஸ். இருபதுகளில் இருந்த அந்த இளைஞர் மறுத்தார்; கைதானார். அப்படி என்ன இருக்கிறது அந்த ஓவியத்தில்? ஆடையற்ற ஓர் ஆண், ஒரு பெண். ஆணின் கை பெண்ணின் மார்பின் மீது. சிலைபோல் விறைத்து நிற்கும் அந்த உருவங்களில் கிளர்ச்சியைவிட அமைதியே அதிகம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, பதம்சீ வென்றார். கடைசிக் காலத்தைக் கோவையில் கழித்து 2020-இல் மறைந்த அவரை, 70 ஆண்டுகள் கழித்தும் அதே குற்றச்சாட்டு துரத்தியது.

கோயில் சிற்பங்களுக்கு ஆபாசச் சட்டமே விலக்கு அளிக்கிறது. கல்லில் செதுக்கினால் பண்பாடு, தாளில் தீட்டினால் குற்றமா? 'குழந்தைகள் பார்த்துவிட்டால்?' என்று பதறுபவர்களுக்குப் பதில் சொல்வதே வீண். தனியார் சேகரிப்புக்கு வந்த ஓவியத்தை எந்தக் குழந்தை பார்க்கப்போகிறது?

அதற்காக நெருக்கத்துக்கு எல்லையே இல்லை என்பதல்ல; உண்டு. அதை வகுக்கும் உரிமை, நெருங்கியிருக்கும் இருவருக்கு மட்டுமே உண்டு. தொடுகையில் சம்மதம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதிகாரிகளோ, துணி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் எடுத்த காணொளி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறதே, அதுதான் அத்துமீறல். அதற்கு எந்தத் துறைமுகத்திலும் சோதனை கிடையாது.

தங்கக் கடத்தலைப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்களிடம் கலையை எடைபோடும் வேலையை ஒப்படைத்ததே பிழை. ஆபாசப் பொருள் இறக்குமதியைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டு அறிவிக்கையிலிருந்து கலைப் படைப்புகளை முழுவதுமாக நீக்க வேண்டும். அந்த ஒரு திருத்தம் போதும். ஓவியத்தை ஆபாசமென்று சுங்கத் துறை பறிமுதல் செய்யும் வழக்கம் இந்த நாட்டில் அன்றோடு ஒழியும்.