நெடுவழிக்கு ஒரு சைக்கிள்

புதுக்கோட்டை என்றவுடன் நேயர்கள் தொண்டைமான் மன்னர்களின் ஊரை நினைத்துக்கொள்வார்கள். நாம் வாத்தியார் உத்தியோகம் பார்ப்பது அங்கே அல்ல. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் சாலையில் உள்ள சின்னப் புதுக்கோட்டையில். ஆயினும் இவ்வாரம் இரண்டு ஊர்களைப் பற்றியும் எழுத நேர்ந்துவிட்டது.

உப்பளத்தில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் தம் புதல்வியுடன் நம் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் நம்மிடம் படித்தவள். பரீட்சையில் தேறியதற்குப் பரிசாகச் சைக்கிள் கேட்கிறாள். தோழி ஒருத்தியுடன் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போக வேண்டுமாம். சுமார் 130 கிலோமீட்டர் தூரம்.

"வாங்கித் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஸார். வழியில் வண்டி நின்றுவிட்டால் பெண்பிள்ளை என்ன செய்வாள் என்பதுதான் கவலை. அதனால் கடையிலேயே விலை உயர்ந்ததாகப் பார்த்து வைத்திருக்கிறேன்" என்றார் நண்பர்.

நாம் சிரிக்கவில்லை. இளமையில் இதே தப்பை நாமும் செய்தோம். பளபளப்பையும் விலையையும் பார்த்து, மெல்லிய டயர் வண்டி ஒன்றை வாங்கி, ஆனி மாதத்தில் இதே வழியில் புறப்பட்டோம். கூடங்குளம் போய்ச் சேருமுன் பின்சக்கரத்தில் மூன்று போக்ஸ் கம்பிகள் அறுந்தன. சீமைக்கருவேல முள் டயரைக் கிழித்தது. அடுத்த ஊர்க் கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த அளவு நம்மகிட்ட கிடையாதே, அண்ணாச்சி" என்றார். கன்னியாகுமரிக்குப் பதிலாக பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஆகவே நெடுவழிக்குச் சைக்கிள் தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "விலை என்ன?" என்பதல்ல, "நடுவழியில் இதை யார் செப்பனிடுவார்?" என்பதே.

முதலாவது டயர். அதில் 28 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடலாகாது. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்து வண்டிகள் பலவற்றின் டயரிலும் 28 என்றே போட்டிருக்கும். ரிம்மோ 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. போகும் வழியில் உள்ள கடைகளில் கிடைக்கும் அளவை வாங்குவது ஒரு வழி; மடித்து வைக்கக்கூடிய டயர் ஒன்றை உடன் கொண்டுபோவது மற்றொரு வழி. எதுவாயினும் டயரின் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம். பின்சக்கரத்தில் 36 கம்பிகள் இருக்கட்டும்.

இரண்டாவது கியர். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதாரணச் சைக்கிள், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். சமதரையில் இது சுகமே. ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று பாய்ந்து வரும்போது, சமதரையும் மலையேற்றம் ஆகிவிடும். முன்னால் 28 பல், பின்னால் 32 பல் என்ற கியர் இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே வண்டி நகரும், முழங்கால் பிழைக்கும்.

மூன்றாவது ஃபிரேம். இரும்புக் குழாயாக இருந்தால் முறிந்த இடத்தைப் பட்டறையில் பற்றவைக்கலாம். காரியர் மாட்டத் திருகு துளைகள் வேண்டும். பையில் குதிகால் இடிக்காத அளவு பின்பக்கம் நீண்டிருக்க வேண்டும். ஆசனத்தின் உயரத்தை அறிவது எளிது. பெடல் அடியில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும்.

மூட்டையை முதுகில் சுமக்கலாகாது. காரியரின் இருபுறமும் பை மாட்டி, கனமானவற்றை அடியில் வைத்து, இரண்டையும் சமன் செய்துகொள்ள வேண்டும். பஞ்சர் சாமான், மாற்று டியூப், பம்ப், ஸ்பானர், நாலைந்து போக்ஸ் கம்பிகள், விளக்கு, தாராளமாகத் தண்ணீர் - இவை போதும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மாலைதோறும் செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "அப்படியானால் லேடீஸ் சைக்கிளாகப் பார்க்கவா?" என்றார். அப்போதுதான் பெரிய புதுக்கோட்டையின் கதையைச் சொன்னோம்.

1991இல் அம்மாவட்டத்து அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் தந்தார். வயலிலும் கல் குவாரியிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். பத்திரிகையாளர் சாயிநாத் அதை எழுதி நாடறியச் செய்தார். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் தயங்கி நிற்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் குழாயில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட லாபம்! வண்டி யாருக்கென்று செய்யப்பட்டது என்பதை விட்டு, தமக்கு அது எதைச் சுமக்க வேண்டும் என்று பார்த்த அந்தப் பெண்களைவிட நல்ல ஆலோசகர் நமக்குக் கிடைக்கமாட்டார்கள்.

பெண்ணுக்கு நாம் ஒரு நிபந்தனை விதித்தோம். புறப்படுமுன் நம் கண்ணெதிரில் பஞ்சர் ஒட்டிக் காட்ட வேண்டும். நம் பழைய சைக்கிளின் டியூப்பைக் கழற்றித் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவை ஒட்டுப் பிரிந்தது. இரண்டாம் தடவை ரப்பரை நன்றாக உரசி, சொல்யூஷன் காயும் வரை பொறுத்து ஒட்டினாள். காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினோம். குமிழி வரவில்லை.

நண்பர் அந்தத் தண்ணீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்த மாதம் புறப்படுவது, ஸார்?" என்றார்.

"தை மாதம். வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருக்கும்" என்றோம்.