மதில் நகரத்துக்குள் கார் எதற்கு?

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி: கார் வாடகைக்கு எடுப்பதா, வேண்டாமா? விமான டிக்கெட் வாங்கும்போதே பக்கத்தில் ஒரு பெட்டி வந்து "காரும் சேர்க்கட்டுமா?" என்று ஆசை காட்டும். நாலு பேர் போனால் கார்தான் லாபம் என்று கூட வருகிற யாராவது கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். ஐரோப்பாவுக்குப் போய் பஸ்ஸில் தொங்குவதா என்று இன்னொருவர் கேட்பார். இந்தக் கணக்கில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. போகிற ஊரைச் சுற்றி மதில் நிற்கிறது.

பேருக்கு நிற்கும் மதில் இல்லை. சுற்றளவு சுமார் 1,940 மீட்டர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். உள்ளே இருக்கும் பழைய நகரம் 1979ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேற்கே பிலே வாசல் வழியாக நடந்து உள்ளே போனால் எதிரே நீளும் ஸ்ட்ராடுன்தான் ஊரின் பெரிய தெரு. பெரிய தெரு என்று பெயர், நீளம் என்னவோ 300 மீட்டர் தான்! ஒரு காலத்தில் கடல்நீர் கிடந்த கால்வாயைத் தூர்த்து உண்டாக்கிய தெரு. 1667 பூகம்பத்தில் ஊர் இடிந்த பிறகு இருபக்கமும் ஒரே மாதிரி கல் வீடுகளை வரிசையாக எழுப்பினார்கள். அங்கிருந்து மலைப்பக்கம் பிரியும் சந்துகளில் பெரும்பாலும் படிக்கட்டுகள். இங்கே காருக்கு என்ன வேலை? மதிலுக்குள் அறை எடுத்தவர் எவ்வளவு விலை உயர்ந்த காரில் வந்து இறங்கினாலும், வாசலில் இருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறத்தான் வேண்டும்.

அப்படியானால் கார் எங்கே நிற்கும்? வெளியேதான். சும்மா நிற்காது, காசு வாங்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிங் கட்டணம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. மதிலை நெருங்க நெருங்க ஏறுகிறது. கோடையில் காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் இடம் கிடைப்பது நிச்சயமில்லை. ஆக, வாடகை ஒரு பக்கம், ஓடாமல் நிற்பதற்கான செலவு இன்னொரு பக்கம். நாலாகப் பிரித்தால் லாபம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி கேட்டால் பெரும்பாலும் வாடகை கூடும். நம்ம ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கிளம்பும் முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. இருபத்தைந்து வயது ஆகாதவர்களிடம் 'இளம் ஓட்டுநர்' என்று நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்கும் நிறுவனங்கள் நிறைய. கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்கவும் :-) டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை வேறு பிடித்து வைப்பார்கள்.

இவ்வளவும் பட்டுக்கொண்டு கார் எடுத்தால் மிச்சமாகும் தூரம் எவ்வளவு? விமான நிலையம் ஊரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து பஸ் இருக்கிறது. கப்பல் துறை இருக்கும் குரூஷ், ஹோட்டல்கள் நிறைந்த லாபாட் இரண்டில் இருந்தும் பிலே வாசலுக்கு நகரப் பேருந்து ஓடுகிறது. எதிரே தெரியும் லோக்ரும் தீவுக்குப் படகு. ஸர்ஜ் மலை உச்சிக்குக் கேபிள் கார். உருப்படியான ஒரே குறை, ஊருக்கு ரயில் கிடையாது.

பணத்தை விடுங்கள். பணம் இருக்கிறவர் கொடுத்துவிட்டுப் போகிறார். பிரச்னை இடம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே கிடைத்த சரிவில் ஊர். சாலையை அகலப்படுத்த வழியே இல்லை. மதிலுக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு சுற்றுலாக் காரும் அங்கே குடியிருக்கும் யாரோ ஒருவரின் கார் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது. மதிலுக்குள் 1991ல் சுமார் 5,000 பேர் வசித்தார்கள். இன்று அதில் பாதி கூட இல்லை. போர் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீடுகள் எல்லாம் சுற்றுலா அறைகளாக மாறியது. மளிகைக் கடை போய் நினைவுப் பொருள் கடை வந்த தெருவில் யார் குடியிருப்பார்கள்? கூட்டம் தாங்காமல் நகராட்சி 2019ல் நாளுக்கு இரண்டு சொகுசுக் கப்பல் போதும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. கப்பல்காரர்களைத் திட்டும் பயணிகள் பலர், தாங்கள் கொண்டுவந்து நிறுத்தும் காரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மிஞ்சியிருக்கும் நாலு குடும்பங்களுக்கும் வண்டி நிறுத்த இடமில்லாமல் செய்துவிட்டு, "ஊர் செட் போட்ட மாதிரி இருக்கிறது, ஆளே இல்லை" என்று குறை சொல்வது அநியாயம்.

அதற்காகக் காரே கூடாது என்பதும் சரியில்லை. வடமேற்கே ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஸ்டோன் என்ற சிற்றூர். உப்பளங்களும், அதைக் காக்க மலைமேல் ஏறி இறங்கும் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் மதிலும் அங்கே உண்டு. அதைத் தாண்டி பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தின் திராட்சைத் தோட்டங்கள், சின்னச் சின்னக் கடற்கரைகள். பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாளில் ஒரு இடம்தான் பார்க்க முடியும். அங்கே கார் தன் கூலிக்கு உழைக்கும். நிறுத்துவதும் இந்த அளவு பாடு இல்லை.

ஸ்ப்ளிட் நகரில் இருந்து கடற்கரையோரமாகக் காரில் வருவதும் இப்போது சுலபம். முன்பு நடுவே நெயூம் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியேற வேண்டும், இரண்டு முறை சோதனை. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் கார் கையில் இருக்கிறதே என்று மோஸ்டாருக்கோ (போஸ்னியா) கோட்டோருக்கோ (மாண்டினீக்ரோ) வண்டியைத் திருப்பும் முன் விசாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஜனவரி முதல் குரோவேஷியா ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஒரே முறை நுழையும் விசாவோடு எல்லை தாண்டினால் திரும்பி உள்ளே வர முடியாது. வாடகை நிறுவனத்தின் அனுமதிக் காகிதமும் தனியாக வேண்டும்.

நான்கு நாள் பயணம் என்றால் முதல் மூன்று நாள் கால்களும் நகரப் பேருந்தும் போதும். நான்காம் நாள் காலை பெட்டியோடு குரூஷ் பக்கம் போய் வண்டியை எடுத்து, ஸ்டோன் பார்த்துவிட்டு, மாலையில் விமான நிலையத்திலேயே சாவியைக் கொடுத்துவிடலாம். எடுத்த இடத்தில் விடாததற்குச் சில நிறுவனங்கள் தனியாகப் பணம் கேட்கும். அதை மட்டும் புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.